கவிழ்த்து வைத்த குடங்கள்

1

நேற்று ஒரு காப்பிக் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பதற்காக இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன்.

டென்மார்க்கில் நவம்பர் மாதம் என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலை எட்டு மணிக்கும் சரியாக விடியாது. மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நடுவில் கிடைக்கிற கொஞ்சம் வெளிச்சமும் மழையில் ஊறிப்போய்த்தான் கிடைக்கும். அந்த மழையில் கோப்பையைத் துணியில் சுற்றி, பைக்குள் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு போனேன்.

விஷயம் இதுதான். நாங்கள் இருக்கும் சிறு நகரத்தில் நகரசபைத் தேர்தல். என் மகள் சுநந்தா அதில் நிற்கிறாள். முந்தாநாள் சந்தைத் திடலில், அவளை எதிர்த்து நிற்பவருடைய ஆட்கள் கூடாரம் போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சூடாகக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். குளிருக்கு நானும் வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினால், உங்களுக்குத்தான், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நல்ல கனமான பீங்கான். பக்கவாட்டில் அவர்கள் சின்னம்.

வீட்டுக்கு வந்து கழுவி வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சின்னத்தைப் பார்த்தார்.

"பத்மா, குடம் வந்துடுச்சாட்டம் இருக்குதே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கோப்பையில் எனக்குக் காப்பி இறங்கவில்லை. மறுநாளே கூடாரத்துக்குப் போய், எனக்குத் தெரிந்த டேனிஷ் மொழியில் "இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லி நீட்டினேன். இத்தனை வருஷம் ஆகியும் என் வாயில் அந்த மொழி நொண்டிதான் அடிக்கும். "நீங்கள் எனக்கு வேண்டாம்" என்று வந்துவிட்டது. கூடாரத்திலிருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்ததும் சுநந்தா போனில் கத்தினாள். "அம்மா, அது வெறும் கப்புமா! அதுக்காக யாராச்சும் ஓட்டு போடுவாங்களா?"

போடுவார்கள். ஒரு ஊரே போடத் தயாராக இருந்தது. அப்போது அவள் என் இடுப்பில் இருந்தாள், பேச்சே சரியாக வராத வயது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரை மேல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அப்போது எங்கள் ஜில்லாவுக்குத் தலைநகரம் கடலூர். நான் விழுப்புரம் டவுனில், ரயில் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணம் ஆகித்தான் அங்கே போனேன். நாங்கள் சமணர். ஊரில் எங்கள் வீடுகள் ஏழெட்டுதான் இருக்கும். மற்ற ஜனங்கள் எங்களை நைனார் வீடு என்பார்கள். எல்லோருக்கும் நிலம், மாடு, மல்லாட்டை, நெல். ஊர் வழக்கத்தில் மல்லாட்டை என்றால் நிலக்கடலை.

என் வீட்டுக்காரர் சென்னையில் தத்துவம் படித்தவர். படித்துவிட்டு வந்து ஏர் பிடித்தார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் கொஞ்சம் இருந்தது. எண்பதுகளின் நடுவில், ரொம்ப வருஷம் நடக்காமலே கிடந்த பஞ்சாயத்துத் தேர்தலை வைத்தார்கள். இவர் தலைவர் பதவிக்கு நிற்கிறேன் என்று கிளம்பினார். எதற்கு என்று கேட்டேன்.

"படிச்சதெல்லாம் பரீட்சைக்கு மட்டுந்தானா? பொய் சொல்லாம, அடுத்தவன் பொருளத் தொடாம, வேணுங்கறதுக்கு மேல ஆசப்படாம ஒருத்தன் பதவிக்கு வர முடியுமான்னு பாக்கலாமே" என்றார்.

என்னுடைய காரணம் அவ்வளவு உயரமானதல்ல. எனக்குத் தண்ணீர் வேண்டும். ஊரில் பொதுக் கிணறு உப்பாகிப் போயிருந்தது. குடிக்கத் தண்ணீர் என்றால் அரிசி மில்காரர் பம்புசெட்டுதான். அவர் ஆள் சுவிட்சைப் போட்டால் தண்ணீர், போடாவிட்டால் இல்லை. அத்தனை பெண்களும் அவர் வாசலில் குடத்தோடு நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில் முதல் முறை அங்கே நின்றபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அந்த மில்காரர்தான் எதிர் வேட்பாளர். அவர் சின்னம் குடம். எங்களுக்குக் கிடைத்தது மண்வெட்டி.

3

இவர் ஓட்டுக் கேட்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

கோயில் திடலில் முதல் கூட்டம். நான் பிள்ளையை இடுக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். இவர் எழுந்து பேசுகிறார்: "மில்காரரு கெட்டவருன்னு சொல்லிக்கினு நான் ஓட்டு கேக்க வரல. பிள்ளவலின்னு போய் நின்னா வேனை எடுத்துக்கினு ஓடியாறவரு அவரு. நல்ல மனுஷன். ஆனா ஊரு குடிக்கிற தண்ணி ஒருத்தரு சுவிட்சுல இருக்கக் கூடாது. பொதுவுல போர் போடணும்."

எதிராளிக்குப் பிரசாரம் செய்கிற வேட்பாளரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நீ வந்தா போர் போட்டுத் தருவியா நைனாரே?" என்று கேட்டார்.

"கடலூருக்கு நடப்பேன், கலெக்டர் ஆபீசுல உக்காருவேன். கெடைக்குமான்னு கேட்டா, தெரியாதுங்க. தெரியாதத தர்றேன்னு சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும், "தர்றேன்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். இருட்டின பிறகு சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். தேர்தல் வந்தாலும் அதில் மாற்றம் இல்லை. மில்காரர் ஆட்கள் விளக்கு வைத்தபிறகு பிரியாணி போட்டுக் கூட்டம் சேர்த்தார்கள். எங்கள் பக்கம் சாயங்காலம் நாலரை மணிக்கு கேப்பைக் கூழ்.

ஆனால் ஜனங்கள் இவர் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மில்காரருக்கும் தெரிந்துவிட்டது.

4

ஒருநாள் காலையில் ஒரு டிராக்டர் நிறைய எவர்சில்வர் குடம் வந்து இறங்கியது. வீட்டுக்கு ஒன்று. அந்தக் காலத்தில் எவர்சில்வர் குடம் என்றால் சாமானியமா? மண் குடமும் ஈயம் பூசின பித்தளையும் சுமந்த இடுப்புகளுக்கு அது பூ மாதிரி இருந்தது. ஆனால் சும்மா தரவில்லை. திருவக்கரை வக்கிரகாளியம்மன் படத்தை வைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றி, குடத்தை வாங்குகிற பெண் அந்தக் கற்பூரத்தைக் கையால் அணைத்து, குடத்துக்குத்தான் எங்கள் வீட்டு ஓட்டு என்று சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைத்துவிட்டால் முடிந்தது. அதை மீற யாருக்கும் துணிச்சல் வராது.

மறுநாள் விதைக்கு மல்லாட்டை உடைக்க எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் கன்னியம்மாதான் வாயைத் திறந்தாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள், அவள் பேச்சுக்கு மற்ற பெண்களிடம் மதிப்பு உண்டு.

"யம்மா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. எங்க ஊட்டு ஓட்டு நைனாருக்குத்தான்னு இருந்தோம். இப்ப முடியாது. கற்பூரம் அணைச்சிட்டோம். நாங்க புள்ளகுட்டிக்காரங்க, இன்னா பண்ணுவோம் சொல்லு?"

நேராக இவரிடம் போனேன். "லஞ்சம் கொடுத்து வாங்கின சத்தியம் செல்லாதுன்னு தெருத்தெருவாப் போயி சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"எப்படிச் சொல்றது? தெரிஞ்சிதானே வாங்கனாங்க, தெரிஞ்சிதானே அணைச்சாங்க. சொன்ன சொல்ல மீறுங்கன்னு நானே சொல்லிட்டு, நாளைக்கி எந்த மூஞ்ச வெச்சிக்கினு என் சொல்ல நம்புங்கன்னு கேப்பேன்?"

"அப்ப தோத்துடுவோம்."

"தோத்துடுவோம்" என்றார், மழை வரும் என்று சொல்வது போல.

கோபத்தில் அன்றைக்கு உப்பில்லாமல் சோறு போட்டேன். அதையும் ருசி பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். இப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

5

மறுநாளும் மல்லாட்டை உடைத்தோம். என் கோபம் எல்லாம் விரலில் இருந்தது, ஓடு தெறித்துக்கொண்டிருந்தது. திடீரென்று கேட்டேன்.

"கன்னிம்மாக்கா, குடம் குடுக்காம வெறும் கையோட வந்து கேட்டிருந்தா கற்பூரம் அணைச்சிருப்பியா?"

"ஏன் அணைக்கப் போறேன்? எனக்கு இன்னா பைத்தியமா?"

"அப்ப குடத்துக்குத்தானே சத்தியம். குடம் போயிட்டா?"

அவள் கை நின்றது. மற்றவர்கள் கையும் நின்றது. கன்னியம்மா மெதுவாகச் சொன்னாள்: "குடம் போனா சத்தியமும் போவும். ஆனா தெருவுல போட்டா கழியாது. வெள்ளிக்கெழம காலையில, வாங்கின கையால, குடுத்தவங்க வாசல்ல, ஆத்தா பேரச் சொல்லி வெக்கணும். பொருளு அவங்களுது, சொல்லு நம்மளுதுன்னு சொல்லணும். அவங்களும் அத உள்ள எடுத்துக்கணும்." பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, எங்கூட்டு குடம் இங்க இல்லியே! நேத்தே எம்பொண்ணு ஊட்டுக்கு சீரா அனுப்பிட்டேனே, திருவெண்ணெய்நல்லூருக்கு."

ஒருத்தி கேட்டாள்: "குடத்த திருப்பிக் குடுத்தா பம்புசெட்ட நிறுத்திட்டாருன்னா?"

அது லேசான கேள்வி அல்ல.

இவரிடம் போய்ச் சொன்னேன். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "இத எந்தப் புஸ்தகத்துல படிச்ச?" என்றார்.

"மல்லாட்ட ஓட்டுல எழுதியிருந்துச்சி" என்றேன்.

உடனே ஒரு நிபந்தனை போட்டார். அவர் வரமாட்டார், நானும் ஒருவரையும் கூப்பிடக் கூடாது. திருப்பிக் கொடுத்துவிட்டு எங்களுக்குப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. "அப்பறம் நம்ம பேச்சும் ஒரு குடமா ஆயிடும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

6

வெள்ளிக்கிழமை காலை. யாராவது வருவார்களா என்று பிள்ளையோடு மில் பக்கத்துப் புளியமரத்தடியில் நின்றேன். முதலில் ஒருத்தி வந்தாள். முந்தானைக்குள் குடத்தை மறைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் இரண்டு பேர், மறைக்காமல். அப்புறம் தெரு திரும்புகிற இடத்தில் வெயில் பட்டுப் பளபளவென்று வரிசையாகக் குடங்கள் வந்தன. எல்லோரும் வந்துவிடவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நெல் காயப்போடும் களம் நிறைந்துவிட்டது.

மில்காரர் வெளியே வந்தார். "இன்னா கூத்து இது? குடுத்தத திருப்பி வாங்கற பழக்கம் எங்க பரம்பரைக்கே கெடையாது. எடுத்துக்கினு போங்க ஜல்தியா."

பெண்கள் அசையவில்லை. "வாங்கமாட்டேன்" என்று அவர் உள்ளே திரும்பினார். அவர் வாங்காவிட்டால் சத்தியம் கழியாது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் குடத்தைத் திரும்ப இடுப்பில் தூக்கிவிட்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது ஏரிக்கரைப் பக்கமிருந்து கன்னியம்மா வந்தாள். விடிவதற்கு முன் கிளம்பி, பஸ் ஏறித் திருவெண்ணெய்நல்லூர் போய், அங்கிருந்து திரும்பி பஸ் பிடித்து, கரை மேல் ஓட்டமும் நடையுமாக வருகிறாள். இடுப்பில் குடம்.

"சம்பந்தி ஊட்டுல மானமே போச்சி. சீரு குடுத்தத திருப்பிக் கேட்டவ நா ஒருத்திதான் இருப்பேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். நேராக மில்காரர் வீட்டு வாசலுக்குப் போனாள். குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். அதன் அடிப்பாகத்தின் மேல் ஒரு கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள்.

"ஆத்தா, திருவக்கரையாளே! பொருளு அவங்களுது. சொல்லு எங்களுது. நீ பாத்துக்க."

அதைப் பார்த்து அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள். வாசலெல்லாம் கவிழ்ந்த குடங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சுடர். வெள்ளிக்கிழமை அதுவுமாய், ஒரு சுமங்கலி வீட்டு வாசலில் காலிக் குடம் கவிழ்ந்து கிடந்தால் எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மில்காரர் திண்டாடிப் போனார். "நாளைக்கி தண்ணிக்கி எங்க வருவீங்கன்னு பாக்கறேன்" என்றார்.

"ஏரிக்குப் போறோம்" என்றாள் கன்னியம்மா. "எங்கம்மா காலத்துல போவலையா?"

அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி ராஜாம்பாள் ஓடி வந்தாள். குடங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "மொதல்ல எல்லாத்தையும் நிமித்துங்கடியம்மா!"

"நிமித்தறோம்மா. உள்ள எடுத்து வெக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் கன்னியம்மா.

ராஜாம்பாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் ஏங்க நின்னுக்கினு இருக்கீங்க? ஆளுங்கள கூப்புட்டு உள்ள எடுக்கச் சொல்லுங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "தண்ணி எப்பவும் போல ஓடும். தாகத்துல நிக்கறவ சாபம் எனக்கு வேணாம்."

குடங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கையை வீசிக்கொண்டு அந்தப் பெண்கள் திரும்பி நடந்தார்களே, அந்த நடையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ராணிகள் மாதிரி நடந்தார்கள். நான் மரத்தடியில் நின்று அழுதேன். சுநந்தா என் கண்ணைத் துடைக்கிறேன் என்று குத்திவிட்டாள்.

7

ஜெயித்தோம். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான், ஆனால் ஜெயித்தோம். திண்டிவனத்தில் எண்ணி முடித்து முடிவு சொன்னதும் மேளம் வைத்து ஊருக்குள் கூட்டிவந்தார்கள். பட்டாசு மட்டும் கூடாது என்றுவிட்டார் இவர், புளியமரத்தில் கொக்கு அடைகாக்கிறதாம். பட்டாசில்லாமல் கத்தியே தொண்டை கட்டிக்கொண்டது ஊருக்கு.

அதற்குப் பிறகு கடலூருக்கு நடந்த நடை தனிக் கதை. செருப்புத் தேய்ந்து, ஒரு வழியாகப் போர் போட்டுத் தண்ணீர் வந்த நாளில் முதல் குடம் பிடிக்கக் கன்னியம்மாவைத்தான் கூப்பிட்டோம். மண் குடத்தோடு வந்தாள். இவர் அவளிடம், "நீ அன்னிக்கி வரலன்னா இது நடந்திருக்காது" என்றார்.

அவள் இவரை நிமிர்ந்து பார்த்தாள். "நைனாரே, மறைக்கக் கூடாது. நா மில்காரருக்குத்தான் போட்டேன். எம்பொண்ணு பிள்ளவலியில துடிச்சப்ப வேனை எடுத்துக்கினு ஓடியாந்தாரு. நீங்களே கூட்டத்துல சொன்னீங்களே, நல்ல மனுஷன்னு. அவருக்குப் போடணும்னு தோணுச்சி, போட்டேன். ஆனா குடத்துக்காகப் போட்டான்னு எவனும் சொல்லக் கூடாதில்ல? அதான் திருப்பிக் குடுத்தேன்."

எனக்கு மயக்கமே வந்துவிட்டது. இவரோ விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வீட்டுக்கு வரும்போது, "பத்மா, நாம ஜெயிச்சது இப்பத்தான்" என்றார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. அவள் யாருக்குப் போட்டால் என்ன, பிடிக்கிற தண்ணீர் நம்முடையதுதானே என்று இருந்தேன்.

8

பதவிக்காலம் முடிந்ததும் என் தம்பி எங்களை இங்கே அழைத்துக்கொண்டான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. இங்கே இருக்கிற அலுவலகங்களுக்கு எங்கள் பெயரே பெரிய தலைவலி. என் பெயருக்குப் பின்னால் இவர் பெயர், இவர் பெயருக்குப் பின்னால் என் மாமனார் பெயர். குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கிறதே, நீங்கள் உண்மையிலேயே கணவன் மனைவிதானா என்று மூன்று அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்ட கதையைச் சொன்னால் நம்புவார்கள், எனக்குத்தான் அவ்வளவு மொழி வராது.

இவர் இன்னும் பொழுது சாய்வதற்குள்தான் சாப்பிடுகிறார். நவம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கே இரவுச் சாப்பாடு. ஜூனில் பத்து மணி வரை வெயில் அடிக்கும், அப்போது தட்டோடு சமையலறைப் பக்கம் வந்து வந்து போவார்.

சுநந்தா மீன் சாப்பிடுகிறாள். முதல் முறை தெரிந்தபோது நான் அழுதேன். பொழுது சாய்வதெல்லாம் அவளுக்கு ஒரு கணக்கே இல்லை. தமிழ் பேசுவாள், படிக்க வராது. கொல்லாமை, பொய்யாமை என்று நாங்கள் காக்கிற ஐந்து விரதங்களின் பெயர் கேட்டால் இரண்டைச் சொல்லி மூன்றாவதில் நிற்பாள். இந்தப் பெண்ணிடம் ஊரிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை என்று நான் பல வருஷம் மனம் நொந்திருக்கிறேன்.

போன வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் வேட்பாளர்கள் கூட்டம். எங்கள் குடியிருப்புக்கு வருகிற பஸ்ஸை நிறுத்தப் போவதாகப் பேச்சு. அந்த பஸ் இல்லாவிட்டால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அந்தக் கோப்பைக்காரர் எழுந்து, பஸ் நிற்காது, இது என் வாக்கு என்றார். கைதட்டல். அடுத்து சுநந்தா. முன்வரிசையில் நானும் இவரும். சொல்லுடி, நிறுத்த மாட்டேன்னு சொல்லு, அம்மாவால அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு மண்டபத்தைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு முழுக்கப் புரிந்தது, ஏனென்றால் அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த பேச்சு. பஸ்ஸுக்காகச் சண்டை போடுவேன். கிடைக்குமா என்று தெரியாது. தெரியாததைத் தருகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

கைதட்டல் குறைவுதான். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கு அந்த மண்டபத்தில் எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. மீன் தின்கிறவள், விரதப் பெயர் தெரியாதவள், என் இடுப்பில் உட்கார்ந்து அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தவள்!

9

இன்று தேர்தல். அதே பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. நானும் இவரும் அந்த பஸ்ஸில்தான் போனோம். சுநந்தா வாசலில் குடையோடு நின்றாள். நான் உள்ளே போய், திரைக்குப் பின்னால் நின்று, பென்சிலை எடுத்துக் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். கையில் எதுவும் இல்லை. ஒரு கோப்பைகூட இல்லை. அன்றைக்குக் கன்னியம்மா எப்படிக் கை வீசி நடந்தாள் என்று இப்போது என் கைக்குத் தெரிந்தது. இவர் அன்றைக்கு ஏன் அப்படிச் சிரித்தார் என்பதும்.

மகள் எங்களைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவள் நிற்கிற முதல் தேர்தல். தாயும் தகப்பனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குத்தானே போட்டீர்கள் என்று வழியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவாள் என்று காத்திருந்தேன். மழையைப் பற்றிப் பேசினாள். அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பொழுது சாயப்போகுது, அப்பாவை ஜல்தியா சாப்பிடச் சொல்லு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கடைசிவரை அதைக் கேட்கவே இல்லை.

அவளுக்குத்தான் போட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.